இஸ்திரிப்பெட்டிக்கு இரும்பு

காற்றை நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் உலைக்குள் கரியும் கசடும் பாதி இளகிய இரும்பும் ஒன்றோடு ஒன்று ஒட்டி உறைந்துபோகும், பிறகு கடப்பாரை போட்டாலும் பிரியாது, விடிந்ததிலிருந்து சுற்றியதெல்லாம் வீண். வலது கை கடுத்தால் இடது கை, இடது கை கடுத்தால் வலது கை. ஒரு கையில் காற்றடிக்கிற ப்ளோயரின் பிடி, மறு கையால் ஒரு சட்டிக் கரி, ஒரு கொட்டாங்குச்சி கருமணல், மறுபடி கரி. என் மார்பு உயரத்துக்கு வைக்கோலும் களிமண்ணும் மிதித்துக் குழைத்து நானே கட்டிய உலை இது. வாயிலிருந்து தீ ஒரு முழம் எழும்பி ஆடுகிறது, ஆனால் இந்த வெயிலில் தீகூடச் சரியாகத் தெரியவில்லை, அதற்கு மேலே காற்று நெளிவதுதான் தெரிகிறது, காற்றுக்குப் பின்னால் கஞ்சமலையும் நெளிகிறது. அந்த மலையிலிருந்து வந்ததுதான் எல்லாம். மழை வடிந்த ஓடையில் கறுப்பாகப் படிந்து கிடந்ததைக் காந்தம் கட்டி இழுத்து எடுத்தேன். போதவில்லை என்று கல்லாகவும் பொறுக்கி வந்தேன். கல்லை முதலில் தீயில் சுட வேண்டும், சுட்டால்தான் உள்ளுக்குள் விரிசல் விடும், பிறகு உரலில் போட்டு இடிக்கலாம். இடிக்கும்போது முதல் கல்லைக் கல் என்றுதான் நினைத்தேன். இரண்டாவது கல்லில் விரல்கள். மூன்றாவதில் மணிக்கட்டு, கடிகாரம் கட்டுகிற இடம். அப்புறம் எல்லாக் கல்லும் விரல்கள்தான், உலக்கை இறங்கும்போது பல்லைக் கடித்துக்கொள்வேன், அம்மா பார்த்துவிட்டு, 'ஏன் சாரு, அரிசி இடிக்கச் சொன்னா மட்டும் கை வலிக்குதுங்கற' என்றாள். எனக்கே என்னைப் பார்த்துப் பயமாக இருந்தது. வகுப்பில் பேர் கூப்பிட்டால் 'பிரசன்ட்' என்று சொல்லவே தொண்டை அடைக்கிற பெண், உலக்கையை வைத்துக்கொண்டு மனிதனின் விரல்களை இடித்துக்கொண்டிருந்தேன். தூள் நன்றாக வந்தது. மாவு போல. சட்டி, கொட்டாங்குச்சி, சட்டி. நிறுத்தக் கூடாது.

அவர் வந்துவிட்டார். சொல்லாமல் வந்துவிட்டார். அக்கா வீட்டுக்காரரின் கார் சத்தம் கேட்டபோது நான் தீயை நன்றாக ஏற்றிவிட்டிருந்தேன், எழுந்து போக முடியவில்லை. போயிருந்தால் மட்டும் என்ன செய்திருப்பேன், கதவைச் சாத்தியிருப்பேனா, 'வாங்க மாமா' என்று சொல்லித் தண்ணீர் கொண்டுவந்து வைத்திருப்பேன், அதுதான் என்னால் முடியும். சமையலறை ஜன்னல் என் முதுகுக்குப் பின்னால் இருக்கிறது, அம்மா எண்ணெய்ச் சட்டி வைத்துவிட்டாள், வடையின் வாசனையும் கரிப்புகையும் ஒன்றாக வருகிறது, அதோடு அவர் குரலும். 'காரம் கொறச்சலாப் போடுங்க அத்தை. மாசக்கணக்கா ஓட்டல் சோறு, வயிறு கெட்டுப்போச்சு.' அம்மா 'ஐயோ, பாதியா எளச்சுட்டீங்களே மாப்ள' என்கிறாள். இளைத்தது அவர். பொங்கலுக்கு முன்னால் அக்கா ஒரு பையோடு இந்த வீட்டுக்கு வந்து இறங்கியபோது அவளால் பஸ்ஸில் சாய்ந்து உட்கார முடியவில்லை, ஈரோட்டிலிருந்து சேலம் வரைக்கும் முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்தே வந்திருந்தாள், அப்போது அம்மா இளைப்பைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. 'என்னடி இது' என்றுதான் கேட்டாள். அக்கா பேசவில்லை. அன்றைக்கு மட்டுமில்லை, சித்திரை பிறந்துவிட்டது, இன்றுவரை அதைப் பற்றி அவள் வாயைத் திறக்கவில்லை. போனில் அவர்தான் அப்பாவிடம் சொன்னார். பீரோ மேல வச்சிருந்த இஸ்திரிப்பெட்டி விழுந்துருச்சுங்க மாமா, அவ கீழ குப்புறப் படுத்திருந்தா, கரண்ட் வேற போயிருச்சு, இருட்டு. அப்பா அதை அம்மாவிடம் சொன்னார், அம்மா பக்கத்து வீட்டில் சொன்னாள், பெட்டி விழுந்தது, பெட்டி விழுந்தது. சூடான பெட்டியை யாராவது பீரோ மேல் வைப்பார்களா என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. நான் மருந்து போட்டேன்.

மருந்து போட்டது நான்தான், அதனால் எனக்குத் தெரியும். இடது தோள்பட்டை எலும்புக்குக் கீழே. பெட்டி விழுந்தால் முனை குத்தும், புரளும், ஒரு பக்கம் ஆழமாகவும் ஒரு பக்கம் இழுபட்டும் இருக்கும். இது முழுசாக இருந்தது. அரச இலையை ஒற்றி எடுத்ததுபோல, கூர்முனை கழுத்தைப் பார்த்து, இரண்டு ஓரமும் ஒரே அளவு அழுந்தி, நடுவில் ஆவி வருகிற துளைகள் மட்டும் வேகாமல் வெளுத்த புள்ளிகளாக. புள்ளிகளின் மேல் பஞ்சை வைக்கும்போது அக்கா தலையணையைக் கடித்துக்கொண்டிருந்தாள். யாரோ பின்னால் இருந்து, அவசரமில்லாமல், சட்டைக் காலரை அழுத்துவதுபோல. அவர் எப்போதும் வெள்ளைச் சட்டைதான் போடுவார். ஜவுளிக்கடைக்காரர், சட்டைக்கையில் மடிப்பு கத்தி மாதிரி நிற்க வேண்டும். கல்யாணமான புதிதில் அக்கா சிரித்துக்கொண்டே சொன்னாள், 'ஒரே கோடு விழணும் சாரு, ரெண்டு கோடு விழுந்தா அன்னிக்குப் பூரா பேச மாட்டாரு.' அன்றைக்கு ரெண்டு கோடு விழுந்திருக்குமோ. அதற்காகவா. இல்லை, காரணத்தைத் தேடாதே, காரணம் கிடைத்தால் அதையும் பக்கத்து வீட்டில் சொல்வார்கள். மருந்து போட்டு முடித்த மறுவாரம் கல்லூரியில் சார் எல்லோரையும் நிற்கவைத்துக் கேட்டார். உலோகவியல் படிக்கிறீங்க, இரும்பை டப்பாவிலதான் பாத்திருக்கீங்க, வீட்டுல இருக்கற ஒரு சாமானை மண்ணுல இருந்து செஞ்சு காட்டுங்க பாக்கலாம். ஒருவன் டார்ச் லைட் என்றான், ஒருத்தி விசிறி என்றாள். என் முறை வந்தபோது என் வாய் தானாக 'இஸ்திரிப்பெட்டி சார்' என்றது. சார் காதைத் திருப்பிக்கொண்டு 'சத்தமா சொல்லும்மா' என்றார். சத்தமாகச் சொன்னேன். அடித்தட்டுக்கு இந்த மணல், கம்பிச்சுருளுக்கும் இதே இரும்பை இழுத்து நீட்ட வேண்டும், நடுவில் மின்சாரம் தாவாமல் தடுக்க அபிரகத் தகடு, பிடிக்கு வேப்பங்கட்டை. எல்லாம் எழுதி வைத்திருக்கிறேன், ஆனால் ஏன் என்பதை எழுதவில்லை. எனக்கு ஒன்று தெரிய வேண்டும். மண்ணிலிருந்து தொடங்கி ஒவ்வொரு படியாகப் பக்கத்திலேயே இருந்து பார்த்தால், எந்த இடத்தில் இது ஒருத்தியின் முதுகில் வைக்கத் தோன்றுகிற பொருளாக மாறுகிறது என்று பார்த்துவிடலாம் என்று நினைத்தேன். இதுவரை தெரியவில்லை. மணலில் இல்லை. தூளில் கொஞ்சம் இருந்தது, அது நான் போட்டது.

அப்பா கொல்லைக்கு வந்தார், கையில் சேவலைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு. மாப்பிள்ளை வந்தால் சேவல் அடிக்க வேண்டும், அதை மாற்ற முடியாது, மாப்பிள்ளை என்ன செய்துவிட்டு வந்தாலும் சேவல் உண்டு. அப்பா நல்லவர், கோழியைக்கூட வலிக்காமல் அறுப்பார், சிறகுகளை மிதித்துக்கொண்டு கழுத்தைத் தடவி ஒரே இழுப்பு. எனக்கு மூன்றடி தள்ளி. ரத்தம் மணலில் விழுந்து உடனே உள்ளே போய்விட்டது, கறுப்பு மணலானதால் நிறமே தெரியவில்லை, ஈரம் மட்டும். உடம்பு கொஞ்ச நேரம் ஓடப் பார்த்தது. நான் ப்ளோயரைச் சுற்றிக்கொண்டே அதைப் பார்த்தேன், முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை, முன்பெல்லாம் உள்ளே ஓடிவிடுவேன். இறகு பிடுங்கி மஞ்சள் பூசி முடித்தவுடன் அப்பா என் உலையைப் பார்த்தார். 'ஏஞ்சாரு, இந்தத் தீயிலயே வாட்டிக்கறேன். தனியா எதுக்கு ஓலை கொளுத்தறது.' நான் சரி என்றேனா, தலையாட்டினேனா, தெரியவில்லை. கம்பியில் கோத்து உலைவாய்க்கு மேலே பிடித்துவிட்டார். மிச்ச மயிர் பொசுங்கியது, பிறகு தோல். அந்த வாசனை. அக்கா வந்த அன்று ரவிக்கையைக் கத்தரித்து எடுத்தபோது துணியோடு சேர்ந்து வந்த வாசனை, மூக்கு மறக்காது, கை சுற்றிக்கொண்டே இருந்தது. 'மாப்ள இன்னிக்கே கெளம்பணுங்கறாரு. பரிமளாவையும் கூட்டிட்டுப் போறாராம்' என்றார் அப்பா, சேவலைப் புரட்டியபடி. 'அக்கா என்னப்பா சொன்னா?' 'அவ என்ன சொல்லுவா. பைய எடுத்து வச்சுட்டிருக்கா.' 'அப்பா, அவ முதுகு...' என்றேன். அப்பா என்னைப் பார்க்காமல் சேவலையே பார்த்தார். 'அதான் நல்லாயிருச்சே' என்றார். 'பொம்பளப்புள்ள இப்படி வந்து உக்காந்துட்டா நாளைக்கு ஒன்னையும்தான் கேப்பாங்க.' என்னையும்தான். சேவல் பொன்னிறமாக ஆகிவிட்டது, ஒரு இடத்தில்கூடக் கருகவில்லை, அப்பாவுக்கு அவ்வளவு பக்குவம். உள்ளே போய்விட்டார். பீரோக் கதவு கிறீச்சிடுகிறது, மூடுகிறது, கிறீச்சிடுகிறது. புடவைகள். இந்த உலையை அப்படியே தள்ளிவிட்டால் என்ன, தீ ஓடும், தென்னை ஓலைத் தட்டி பிடிக்கும், சமையலறை பிடிக்கும், கார் பிடிக்கும், எல்லோரும் வெளியே ஓடி வருவார்கள், ஊர்வலமாக, வடையோடு. அக்கா வெளியே வருவாளா. அவள் உள்ளேயே புடவை மடித்துக்கொண்டிருப்பாள். வேண்டாம். ஒரு சட்டிக் கரி.

சாப்பாட்டுக்கு முன்னால் அவர் கொல்லைக்கு வந்தார். வந்துவிடுவாரோ என்று காலையிலிருந்து பயந்துகொண்டிருந்தேன், வந்தவுடன் பயம் குறையவில்லை, இன்னும் வரப்போகிறார் என்பதுபோலவே இருந்தது. வெள்ளைச் சட்டை. கையில் ஒரே கோடு. யார் போட்டுக் கொடுத்தார்கள், அவரேவா, அதே பெட்டியிலா. 'என்னங்க எஞ்ஜினியரம்மா, மூஞ்சியெல்லாம் கரி. கண்ணாடி பாத்தியா? ஒரு பய பொண்ணு பாக்க வர மாட்டான்.' சிரித்தேன். என் முகம் தானாகவே சிரிக்கிறது, அதை நிறுத்த ஒரு சுவிட்ச் இல்லை. 'என்னது இது?' 'ப்ராஜெக்ட் மாமா.' 'என்ன ப்ராஜெக்டு?' 'இரும்பு மாமா.' 'இரும்ப வச்சு?' நான் தீயைப் பார்த்தேன். ஜன்னலிலிருந்து அம்மாதான் உற்சாகமாகச் சொன்னாள், 'இஸ்திரிப்பொட்டி செய்யறாளாம் மாப்ள, மண்ணுலருந்து. கேட்டாச் சிரிப்பீங்க.' அவர் சிரிக்கவில்லை. என்னைப் பார்த்தார். இத்தனை வருஷத்தில் அவர் என்னை முகத்துக்கு நேராகப் பார்த்தது அதுதான் முதல் தடவை, அதுவரை நான் அக்காவோடு வந்த ஒரு சாமான். அவர் கண் ஒரு கணம் சின்னதானது, அப்போது தெரிந்துவிட்டது, எனக்குத் தெரியும் என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது. பக்கத்தில் வந்தார். ப்ளோயர் சத்தத்துக்குள் யாருக்கும் கேட்காத அளவுக்கு, 'ஒங்கக்கா எதாச்சும் சொன்னாளா?' என்றார். 'இல்ல மாமா.' அது உண்மை. 'சொல்ல மாட்டா' என்றார், திருப்தியாக, நல்ல மாடு என்று சொல்வதுபோல. பிறகு என் தலையில் கையை வைத்தார். ஆசீர்வாதம் மாதிரிதான், ஆனால் எடுக்கவில்லை, விரல்கள் மண்டையின் வடிவத்துக்கு வளைந்து கொஞ்சம் அழுத்தின. 'நல்லாப் படி' என்றார். என் கையில் கரி அள்ளும் சட்டி இருந்தது. அதை உலைவாயில் ஒரு முறை முக்கி அவர் முகத்தில் வீசினால் எவ்வளவு நேரம் ஆகும், ஒரு மூச்சு. கண் முதலில் போகும். கத்துவார், கையால் முகத்தைப் பொத்துவார், கரி கைக்கும் முகத்துக்கும் நடுவே மாட்டிக்கொள்ளும். ஒவ்வொன்றாகப் பார்த்தேன், முழுவதும் பார்த்தேன், தலைமேல் அவர் கை இருக்கும்போதே. பிறகு சட்டியைச் சாய்த்துக் கரியை உலையில் போட்டேன். அவர் உள்ளே போய்விட்டார். இலை போடும் சத்தம் கேட்டது. 'இன்னொரு துண்டு வைங்க, ஈரல் மாப்ளைக்கு' என்று அம்மா அப்பாவிடம் சொன்னாள். என் தலையில் அந்த ஐந்து இடமும் தனித்தனியாகச் சுட்டன.

மணல் தீர்ந்துவிட்டது. கடைசிக் கரி உலைக்குள் இறங்கிக்கொண்டே போனது, உள்ளே ஏதோ கனமாக அடியில் உட்காரும் சத்தம், ஈரத்துணி விழுவதுபோல. இனி உலையை உடைக்க வேண்டும். அடியில் திரண்ட கட்டியை எடுத்தவுடன் அடிக்க வேண்டும், அதுவும் தாமதிக்கக் கூடாது, அது இன்னும் இரும்பில்லை, பஞ்சு மாதிரி, துளைகளெல்லாம் கசடு, சூடு இருக்கும்போதே அடித்து அடித்துக் கசடைப் பிழிந்து வெளியேற்றினால்தான் இரும்பு. ஒருவர் குறட்டில் பிடிக்க வேண்டும், ஒருவர் சம்மட்டி போட வேண்டும். என்னோடு சேர்ந்து செய்கிற பெனாசிருக்குக் காய்ச்சல், வரவில்லை. நிழலில் வைத்து அடிக்கச் சொல்லியிருந்தார் சார், வெயிலில் இரும்பின் சிவப்பு கண்ணுக்குத் தெரியாது, சூடா இல்லையா என்றே புரியாது, அதனால்தான் கொல்லர் பட்டறை எல்லாம் இருட்டாக இருக்கிறது. நான் அதை மறந்துவிட்டு, அடிப்பதற்குத் தண்டவாளத் துண்டை வெட்டவெளியில் புதைத்து வைத்திருந்தேன். இப்போது பிடுங்க முடியாது. கடப்பாரையால் உலையின் வயிற்றில் ஓங்கிக் குத்தினேன், மண் பிளந்தது, வெள்ளை வெளிச்சம் வெளியே கொட்டியது, புருவம் பொசுங்குவது தெரிந்தது, குறட்டை உள்ளே விட்டுத் துழாவினேன், கட்டி வர மறுத்தது, இழுத்தேன், காலை அழுத்தி ஊன்றி இழுத்தேன். 'கெளம்பறேன் சாரு' என்று பின்னால் அக்கா. திரும்பிப் பார்த்தேன். குங்குமநிறப் பட்டு, தலை நிறைய அவர் வாங்கி வந்த மல்லிகை, கண்ணில் ஒன்றுமில்லை, கழுவி வைத்த பாத்திரம் போல. கட்டி குறட்டோடு வந்துவிட்டது. தேங்காய் அளவு. ஓடிப்போய்த் தண்டவாளத்தில் வைத்தேன். 'அக்கா, அடி.' 'என்ன?' 'இப்ப அடிக்கலேன்னா எல்லாம் போயிடும். சம்மட்டிய எடு. அடிக்கா.' அவள் அந்தக் கட்டியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு சம்மட்டியை எடுத்தாள்.

முதல் அடி பயந்த அடி. கட்டி ஒரு பக்கம் நசுங்கியது, கசடு எச்சில் போலத் தெறித்தது, அக்கா பின்வாங்கினாள். 'இன்னும்' என்றேன். இரண்டாவது அடிக்குக் கையைத் தலைக்கு மேல் தூக்கினாள், தூக்கும்போது முகம் சுளித்தது, முதுகுத் தோல் இழுத்திருக்கும், அந்த இடம் இன்னும் நீளாது. ஆனாலும் இறக்கினாள். மூன்றாவது. நான் திருப்பினேன், அவள் அடித்தாள், திருப்பினேன், அடித்தாள். கட்டி ஒன்றுகூடி இறுகிக்கொண்டே வந்தது. சூடு குறைந்ததும் மிச்சத் தணலுக்குள் மறுபடி புதைத்துச் சூடேற்றினேன், அவள் மூச்சிரைத்துக்கொண்டு நின்றாள், பூச்சரம் கழுத்தில் தொங்கியது, கையை நீட்டித் தண்டவாளத்தில் ஒட்டியிருந்த துணுக்கைத் தட்டப் போனாள். 'தொடாத. கறுப்பா இருந்தாலும் சூடுதான். வெயில்ல தெரியாது' என்றேன். 'ம்' என்றாள். மறுபடி எடுத்தோம். இந்த முறை நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவள் தொண்டையிலிருந்து ஒவ்வொரு அடிக்கும் ஒரு சத்தம் வந்தது, வார்த்தை இல்லை, மாட்டை அடக்கும்போது வருகிற சத்தம், எனக்குக் குறட்டைப் பிடித்திருக்கப் பயமாக இருந்தது, அடி தவறினால் என் மணிக்கட்டு. தவறவில்லை. 'பரிமளா' என்று அவர் உள்ளேயிருந்து கூப்பிட்டார். அடித்தாள். 'பரிமளா, கூப்புடறது காதுல விழலியா?' அடித்தாள். கொல்லைவாசலில் வந்து நின்றார், பின்னால் அப்பா. 'என்ன கூத்து இது, பட்டுப்பொடவையில. வெச்சுட்டு வா.' அக்கா நிமிரவில்லை. அடுத்த அடியில் கசடு தெறித்து அவர் சட்டைக்கைமேல் விழுந்தது, மடிப்புக்கு நேராக, சின்ன ஓட்டை, ஓரம் பழுப்பு. அவர் அந்த ஓட்டையைப் பார்த்தார். அதைப் பார்த்த விதத்தை நான் பார்த்தேன். உதடு உள்ளே மடிந்து மறைந்தது. அக்காவும் அதைப் பார்த்துவிட்டாள், சம்மட்டி தோள் உயரத்தில் அப்படியே நின்றது. என் குறடு வழுக்கியது. வேண்டுமென்று இல்லை. கட்டி தண்டவாளத்திலிருந்து உருண்டு மணலில், அவர் செருப்புக்கு முன்னால் போய் நின்றது. அந்த வெயிலில் கறுப்பாக, ஆறிப்போனது போல. சாதாரணக் கல்லாக. இந்த ஊரில் கால் வைக்கிற இடமெல்லாம் கிடக்கிற கல்.

'போதும் வெளயாட்டு' என்றார். 'இதுதான ஒனக்கு இப்பப் பெரிசு?' குனிந்தார். நேரம் இருந்தது. எல்லோரும் நினைப்பதுபோல அது ஒரு நொடியில் நடக்கவில்லை, நிறைய நேரம் இருந்தது, வேலிக்கு அப்பால் வீசி எறியப்போகிறார் என்பது அவர் தோள் சாய்ந்த விதத்திலேயே தெரிந்தது. 'மாமா, சூடு.' அவ்வளவுதான் சொல்ல வேண்டும். அது என் நாக்கின்மேல் வந்து உட்கார்ந்துவிட்டது, தொண்டை அடைக்கவும் இல்லை, வகுப்பில் அடைப்பதுபோல, வீட்டுக்கு யாராவது வந்தால் அடைப்பதுபோல, எப்போதும் அடைப்பதுபோல இல்லை, வழி திறந்திருந்தது, சொல்லியிருந்தால் கணீரென்று வந்திருக்கும். அக்காவைப் பார்த்தேன். அவள் அவர் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கும் தெரியும், கொஞ்சம் முன்னால்தான் சொன்னேன். நான் வாயை மூடிக்கொண்டேன். அவர் விரல்கள் விரிந்தன, கட்டியின் வடிவத்துக்கு வளைந்தன, முழு உள்ளங்கையும் வைத்து இறுகப் பிடித்துத் தூக்கினார். முதலில் சத்தம், எண்ணெயில் ஈரம் பட்டதுபோல. அப்புறம்தான் அவர் கத்தியது. உதறினார், உடனே விழவில்லை, தோல் பிடித்துக்கொண்டிருந்தது, இரண்டாவது உதறலில் விழுந்தது. அவர் முழங்காலில் உட்கார்ந்து மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு முன்னும் பின்னும் ஆடினார், வெள்ளைச் சட்டை கரி மணலில். அப்பா ஓடிவந்து குடத்துத் தண்ணீரைச் சாய்த்தார், அம்மா ஜன்னலில் கரண்டியோடு. நான் அந்த உள்ளங்கையைப் பார்த்தேன், எங்கே ஆழம், எங்கே ஆழமில்லை என்று பார்த்துக்கொண்டிருந்தேன், அப்படிப் பார்க்க முடிந்ததில் எனக்கு உடம்பெல்லாம் குளிர்ந்தது. 'சாரு, சூடுன்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?' என்றார் அப்பா. குரல் உடைந்திருந்தது. 'சொல்லியிருக்கலாம்ப்பா' என்றேன். குரல் நடுங்கவில்லை. அப்பா என்னை யாரோ போலப் பார்த்தார். அவர் மணிக்கட்டை விடாமல் பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்தார், 'பரிமளா, வா. ஆஸ்பத்திரிக்கு வா' என்றார், கெஞ்சலா அதட்டலா என்று தெரியாத குரலில். எல்லோரும் அக்காவைப் பார்த்தோம். போய்விடுவாள் என்று நினைத்தேன். இவ்வளவும் செய்து நானே அவளை அனுப்பிவைத்துவிட்டேன், இப்போது அவருக்குச் சோறு ஊட்ட வேண்டும், சட்டை மாட்டிவிட வேண்டும், போகாமல் எப்படி இருப்பாள். அக்கா சம்மட்டியை இறக்கித் தரையில் ஊன்றினாள். 'நான் வரல' என்றாள். 'பரிமளா' என்று அம்மா ஜன்னலிலிருந்து. 'நான் வரலம்மா.' அவ்வளவு மெதுவாகச் சொன்னாள், ஆனால் ப்ளோயர் நின்றுபோயிருந்ததால் எல்லோருக்கும் கேட்டது.

அப்பாதான் அவரைக் கூட்டிப்போனார், பக்கத்து வீட்டுப் பையன் கார் ஓட்டினான். சத்தம் தெருமுனையில் திரும்பித் தேய்ந்தது. திரும்பி வருவார்கள். அப்பா வருவார், அவர் வருவார், அவரோடு இன்னும் நாலு பேர் வருவார்கள், போலீஸ்கூட வரலாம், என்னைக் கேட்பார்கள், நான் என்ன சொல்வேன், வழுக்கியது என்பேனா, விழுந்துவிட்டது என்பேனா. வழுக்கியதுதான். மிச்சம் வழுக்கவில்லை. அம்மா அடுப்பை அணைத்துவிட்டு எங்கேயோ உட்கார்ந்து அழுகிறாள், சேவல் குழம்பு மூடாமல் கிடக்கிறது. கட்டியைக் குறட்டில் எடுத்து மணலைத் தட்டினேன், பாதிதான் கூடியிருக்கிறது, ஒரு பக்கம் இன்னும் துளைதுளையாக. 'இது இனிமே ஆவுமா?' என்றாள் அக்கா. 'மறுபடி சுடணும்.' 'சுடு.' தணல் கொஞ்சம் இருந்தது, மேலே கரியைப் போட்டுக் கட்டியைப் புதைத்தேன். அக்கா தலையிலிருந்த பூவை எடுத்து எங்கே வைப்பது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தாள், பிறகு வேலிக்கம்பில் மாட்டினாள். ப்ளோயருக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து பிடியைப் பிடித்தாள். சுற்றவில்லை. 'எந்தக் கையில எடுத்தாரு?' என்றாள். 'வலது.' புகை எங்கள் இருவர் நடுவிலும் நேராக ஏறியது.

'பொட்டிய ரெண்டு கையாலயும்தான் அமுக்குனாரு' என்றாள்.

நான் கரிச்சட்டியைக் கீழே வைத்தேன். அக்கா சுற்ற ஆரம்பித்தாள்.